லினக்ஸில் டயல்-அப் மோடம்: கருவி தெரிகிறது, இணைப்பு வரவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

#1 பழையபெட்டி

டெபியன் ஓடும் மேசைக் கணினி, 64 பிட். உள்ளே ஒரு பிசிஐ மோடம் அட்டை இருக்கிறது. அது போக, வெளியே யுஎஸ்பி மோடம் ஒன்றும் கையில் உண்டு. லேண்ட்லைன் வழியாக டயல்-அப் இணைப்பு வேண்டும்; வேறு இணைப்பு கிடையாது.

இதுவரை: டபிள்யூவிடயல்கான்ஃப் (டபிள்யூவிடயல் என்ற டயல்-அப் மென்பொருளுக்காக மோடத்தைத் தேடும் கருவி) ஓட்டினால் பிசிஐ அட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. யுஎஸ்பி மோடத்துக்கு /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 என்ற கருவிக் கோப்பு உருவாகிறது, ஆனால் திறக்கப் போனால் "பெர்மிஷன் டினைட்". சுடோ போட்டால் டயல் செய்கிறது, கடைசியில் "நோ கேரியர்". நெட்வொர்க் மேனேஜரில் டயல்-அப் என்று எதுவும் காணோம். எதை முதலில் பார்ப்பது?

#2 கம்பிநுனி

முதலில் டபிள்யூவிடயலை ஓரமாக வையுங்கள். அது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கும். எந்த இடத்தில் உடைந்தது என்று அதன் வாயிலிருந்து வரவழைப்பது கஷ்டம்.

டயல்-அப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று உரையாடல் நடக்கிறது. கணினி மோடத்தோடு பேசுவது ஏடி கட்டளைகளில் (ஏடி என்று தொடங்கும் மோடம் கட்டளைகள்). உங்கள் மோடம் எதிர்முனை மோடத்தோடு பேசுவது அந்தக் கீச்சொலியில். அது முடிந்த பிறகு, இந்தக் கணினியின் பிபிபியும் (லைன் வழியே இணையத் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறை) அந்தப் பக்கத்துப் பிபிபியும் பேசும். கீழே உள்ளது சரியாகாமல் மேலே உள்ளதைத் திருத்திப் பயனில்லை. "பெர்மிஷன் டினைட்" முதல் உரையாடல். "நோ கேரியர்" (எதிர்முனை மோடத்தின் ஒலி பிடிபடவில்லை என்பது) இரண்டாவது. கடவுச்சொல் எல்லாம் மூன்றாவது, அதற்கு இன்னும் நேரமே வரவில்லை.

பிசிஐ அட்டையில் என்ன சிப் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ -என்என் கொடுத்து, "கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்" அல்லது "மோடம்" என்று வரும் வரியை இங்கே போடுங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெயர் எதற்கும் உதவாது. ஒரே பெயரில் மூன்று நான்கு விதமான சிப் வைத்து விற்றார்கள்.

#3 பழையபெட்டி

கோனெக்ஸன்ட், எச்எஸ்எஃப் 56கே என்று வருகிறது.

#4 கம்பிநுனி

அப்படியானால் அது வின்மோடம். கழற்றிவிடலாம்.

காரணம் சொல்கிறேன். முழு மோடத்தில் இரண்டு மூளை உண்டு: ஏடி கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கன்ட்ரோலர் ஒன்று, ஒலியைப் பிட்டாகவும் பிட்டை ஒலியாகவும் மாற்றும் டிஎஸ்பி இன்னொன்று. வின்மோடத்தில் இந்த வேலைகளில் ஒன்றையோ இரண்டையுமோ கணினியின் சிபியு தலையில் கட்டிவிடுவார்கள். அட்டையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு சவுண்டு கார்டும் போன் லைனைத் தொடும் சுற்றும்தான். ஆக, டிரைவர்தான் மோடம். டிரைவர் இல்லையென்றால் அந்த அட்டை வெறும் தகடு. டபிள்யூவிடயல்கான்ஃப் அதைக் கண்டுகொள்ளாததற்கும் இதுவே காரணம். அது சீரியல் போர்ட்டுகளில் மட்டுமே தேடும்; இந்த அட்டை சீரியல் போர்ட்டாகத் தன்னைக் காட்டுவதில்லை.

எச்எஸ்எஃப்புக்கு லினக்ஸன்ட் வெளியிட்ட எச்எஸ்எஃப்மோடம் டிரைவர் இருந்தது. இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும், முழு வேகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். அதன் நடுப்பகுதி மூலநிரல் இல்லாத பைனரி. பழைய கெர்னல்களுக்காக எழுதியது. இன்றைய கெர்னலில் அதை ஏற்றுவதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு நல்ல வெளி மோடத்தைத் தேடிப் பிடித்துவிடலாம்.

#5 நாலாம்பிட்

கம்பிநுனி சொல்றது எச்எஸ்எஃப்புக்குச் சரி. ஆனா வின்மோடம்னாலே குப்பைனு எல்லாரையும் ஒரே கூடையில போட வேண்டாம்.

லூசென்ட், அகியர் சிப்புக்கு மார்ஷியன்னு ஒரு டிரைவர் உண்டு. பழைய லேப்டாப்ல வர்ற ஏசி97 மோடத்துக்கு எஸ்எல்மோடம்டி இருக்கு. கெர்னல் பக்கம் அல்சாவோட (லினக்ஸ் ஒலி அமைப்பு) எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம் மாட்யூல் ஏத்தணும், மேல எஸ்எல்மோடம்டியை -அல்சா தேர்வோட ஓட்டணும். அது /டெவ்/டிடிஒய்எஸ்எல்0 உருவாக்கும், அதுதான் இனிமே உங்க மோடம். உள்ள இருக்கற டிஎஸ்பி பகுதி 32 பிட் பைனரி. அதனால 64 பிட் சிஸ்டத்துல 32 பிட் நூலகங்களைச் சேர்த்து நிறுவணும், இல்லேன்னா கம்பைலே ஆகாது. நாட்டுத் தேர்வும் கொடுக்கணும், ஏன்னா டயல் டோனோட அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறும். டபிள்யூவிடயல் பயன்படுத்தினா "கேரியர் செக் = நோ" கட்டாயம். போலி போர்ட் கேரியர் நிலையை ஒழுங்கா காட்டாது.

32 பிட் பழைய லேப்டாப் வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் ஓடற வழிதான்.

#6 கம்பிநுனி

ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிபியு கொஞ்சம் மூச்சு வாங்கினால் ஒலி மாதிரிகள் தவறும், லைன் அறுந்துவிடும். பின்னணியில் ஏதாவது கம்பைல் ஆகும்போது இணைப்பு போனால் வியப்படைய வேண்டாம்.

பிசிஐ அட்டையே வேண்டும் என்பவர்கள் தேட வேண்டியது யுஎஸ் ரோபோடிக்ஸ் 5610 போன்ற முழு மோடம். அதைச் செருகினால் டிமெஸ்க்கில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) 16550ஏ என்று புது சீரியல் போர்ட் ஒன்று வரும், பெரும்பாலும் டிடிஒய்எஸ்4. வரவில்லை என்றால் அட்டையைக் குறை சொல்வதற்கு முன், கெர்னலின் தொடக்கத் தேர்வில் 8250.என்ஆர்_யுஏஆர்டிஎஸ்=8 சேர்த்துப் பாருங்கள். பல கெர்னல்கள் 4 போர்ட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. ஐந்தாவதுக்கு இடம் இல்லாமல் அட்டை வெளியே நிற்கும்.

பழையபெட்டி, உங்கள் யுஎஸ்பி மோடம் டிடிஒய்ஏசிஎம்0 என்று வருவது நல்ல செய்தி. சிடிசி_ஏசிஎம் டிரைவர் அதை ஏற்றுக்கொண்டது என்று பொருள். கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கும் மோடம்தான் அப்படி வரும். கோனெக்ஸன்ட் சிஎக்ஸ்93010 சிப் உள்ள சிறிய யுஎஸ்பி மோடம்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

#7 நாலாம்பிட்

அனுமதிப் பிரச்சினை சின்னது. டெபியன், உபுண்டுல டயல்அவுட் குழு, ஆர்ச்ல யுயுசிபி குழு. யூசர்மாட் -ஏஜி டயல்அவுட், பின்னாடி உங்க பயனர் பெயர். அதுக்கப்புறம் வெளியேறி மறுபடி உள்நுழையணும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தா குழு மாறாது. இணைப்பைத் தொடங்கற பான், துண்டிக்கற பாஃப் கட்டளைகளுக்கு டெபியன்ல டிப் குழுவும் வேணும், ரெண்டையும் ஒரே தடவையில சேர்த்துடுங்க.

அடுத்த தொல்லை மோடம்மேனேஜர்ங்கற பின்னணிச் சேவை. யுஎஸ்பி மோடத்தைச் செருகின உடனே அது மொபைல் டாங்கிளா இருக்குமோனு போர்ட்டைத் திறந்து தன் கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். அந்த நேரத்துல நீங்க திறந்தா "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி" வரும். திறந்துட்டாலும் பாதி பதில் அதுக்குப் போகும், பாதி உங்களுக்கு வரும். மொபைல் டாங்கிள் பயன்படுத்தலேன்னா சிஸ்டம்சிடிஎல் வழியா மோடம்மேனேஜரை நிறுத்தி மாஸ்க் பண்ணிடுங்க. பயன்படுத்தறீங்கன்னா ஒரு யுடெவ் விதி (கருவி செருகினா என்ன செய்யணும்னு சொல்றது): உங்க மோடத்தோட வென்டர் எண்ணைப் பொருத்தி, ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் மதிப்பை 1 ஆக்கினா இந்த ஒரு கருவியை மட்டும் விட்டுடும்.

போர்ட்டை யார் பிடிச்சு வச்சிருக்காங்கனு பார்க்க ஃப்யூசர் -வி /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0.

#8 கம்பிநுனி

அதன் பிறகு மினிகாம், மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் டெர்மினல் நிரல். மினிகாம் -டி /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 -பி 115200. உள்ளே போனதும் ஏடி என்று அடித்து என்டர். "ஓகே" வர வேண்டும்.

ஓகே வருகிறது, ஆனால் நீங்கள் அடித்த எழுத்து திரையில் தெரியவில்லை என்றால் எக்கோ அணைந்திருக்கிறது: ஏடிஇ1. ஓகேக்குப் பதில் வெறும் 0 வந்தால் எண் பதில் முறையில் இருக்கிறது: ஏடிவி1. எதுவுமே வராவிட்டால் பதிலே தராத முறையில் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஏடிகியூ0 அடித்துப் பாருங்கள். டபிள்யூவிடயலின் தொடக்க வரியில் கியூ0 வி1 இ1 என்று சேர்ந்து வருவது இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே மருந்து போடத்தான்.

ஏடிஐ3, ஏடிஐ4 கொடுத்தால் பெரும்பாலான மோடம்கள் தங்கள் பெயரும் பதிப்பும் சொல்லும். ஏடி&வி இப்போதைய அமைப்பைக் காட்டும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மினிகாமை விட்டு வரும்போது கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ். டெர்மினல் சன்னலை அப்படியே மூடினால் /வார்/லாக் அடைவில் எல்சிகே.. என்று தொடங்கும் பூட்டுக் கோப்பு தங்கிவிடலாம்.

#9 ஒற்றைப்பிழை

இடையில் நுழைகிறேன். என்னிடம் இருப்பது யுஎஸ்பி அல்ல, 25 ஊசி கொண்ட பழைய வெளி சீரியல் மோடம். கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி-சீரியல் மாற்றி போட்டிருக்கிறேன். ஏடி அடித்தால் ஓகே வருகிறது. பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரலை ஓட்டினால் அசையாமல் நிற்கிறது. போர்ட் சில நேரம் காணாமலும் போகிறது.

#10 நாலாம்பிட்

காணாம போறதுக்கு: மாற்றியில இருக்கறது சிஎச்340 சிப்பா? அப்படின்னா பிஆர்எல்டிடிஒய் பொட்டலத்தைப் பாருங்க. பிரெயில் கருவிகளுக்கான சேவை அது. இந்த சிப்போட எண்ணைப் பிரெயில் கருவினு நினைச்சுப் போர்ட்டைப் பறிச்சுக்கும். டிமெஸ்க்ல டிடிஒய்யுஎஸ்பி0 வந்த உடனே "டிஸ்கனெக்டட்"னு வந்தா அதுதான். பிரெயில் கருவி இல்லேன்னா அந்தப் பொட்டலத்தை நீக்கிடுங்க.

பிபிபிடி நிக்கறது வேற கதை. உங்க அமைப்புல சிஆர்டிஎஸ்சிடிஎஸ் போட்டிருப்பீங்க. அது ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் வழியா வேகக் கட்டுப்பாடு. மலிவான கேபிள்ல மூணே கம்பிதான் ஓடும்: அனுப்ப, வாங்க, தரை. சிடிஎஸ் உயரவே உயராது, பிபிபிடி "அனுப்பலாமா"னு கேட்டுக்கிட்டே காத்திருக்கும். மினிகாம்ல வேகக் கட்டுப்பாடு அணைஞ்சிருந்தா ஓகே வரும், அதனால கேபிள் மேல சந்தேகமே வராது. மினிகாம் அமைப்புலயும் வன்பொருள் கட்டுப்பாட்டை இயக்கிட்டு ஏடி அடிங்க. அப்ப ஓகே வரலேன்னா குற்றவாளி கேபிள்தான்.

மோடத்துக்கு வேண்டியது நேர் கேபிள், எல்லா ஊசியும் இணைச்சது. நல்-மோடம் கேபிள் குறுக்குக் கம்பி போட்டது, ரெண்டு கணினிக்கு நடுவுல போடறது. அது இங்க ஆகாது.

#11 கம்பிநுனி

தாய்ப்பலகையிலேயே சீரியல் போர்ட் உள்ளவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன். காம்1 என்பது டிடிஒய்எஸ்0, முகவரி 0எக்ஸ்3எஃப்8, ஐஆர்கியூ 4. காம்2 என்பது டிடிஒய்எஸ்1, 0எக்ஸ்2எஃப்8, ஐஆர்கியூ 3. மூன்றாவதும் நான்காவதும் அதே 4, 3-ஐப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஐஎஸ்ஏ வழக்கம் பல தகராறுகளுக்கு ஊற்று. செட்சீரியல் -ஜி /டெவ்/டிடிஒய்எஸ்0 கொடுத்து 16550ஏ வருகிறதா பாருங்கள். "அன்நோன்" என்றால் அங்கே போர்ட்டே இல்லை, பயாஸில் அணைத்திருக்கலாம். 8250 என்று வந்தால் அதில் ஒரே ஒரு பைட்தான் தங்கும். 115200 வேகத்தில் கெர்னல் வந்து எடுப்பதற்குள் அடுத்தது வந்து மோதிவிடும். 16550ஏ-யில் 16 பைட் தங்க இடமுண்டு.

மோதல் நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் கோப்பைத் திறந்தால் போர்ட் வரியில் ஓஇ என்ற எண்ணிக்கை இருக்கும். அது ஏறினால் பைட்டுகள் வழிந்து போகின்றன. எஃப்இ ஏறினால் வேக அமைப்பு பொருந்தவில்லை அல்லது கேபிளில் இரைச்சல்.

#12 பழையபெட்டி

குழு, மோடம்மேனேஜர் இரண்டும் முடிந்தது. மினிகாமில் ஓகே வருகிறது. ஏடிடிடி (டயல் கட்டளை) போட்டு எண்ணைக் கொடுத்தால் "நோ டயல்டோன்". லைன் ஒரு சிறிய பிஏபிஎக்ஸ் (கட்டடத்துக்குள் இருக்கும் தொலைபேசி இணைப்பகம்) வழியாக வருகிறது, வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டும். ஏடிஎக்ஸ்3 போட்ட பிறகு டயல் ஆகிறது, எதிர்முனை எடுப்பதும் கேட்கிறது. கீச்சொலி வரும், பிறகு "நோ கேரியர்".

#13 தந்திமரம்

லைன் பக்கம் நான் சொல்கிறேன்.

பிஏபிஎக்ஸின் உள் டயல் டோன் வெளி லைனின் டோன் மாதிரி இருக்காது. மோடம் தனக்குத் தெரிந்த டோன் வராவிட்டால் டயல் செய்ய மறுக்கும். எக்ஸ்4 டோனையும் பிசி ஒலியையும் எதிர்பார்க்கும். எக்ஸ்3 டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், பிசி ஒலியை மட்டும் கவனிக்கும். உங்களுக்கு எக்ஸ்3 சரியான தேர்வு. வாய்ஸ்மெயில் செய்தி காத்திருந்தால் சில லைன்களில் டோன் விட்டு விட்டு வரும். அப்போதும் இதே பிழை, இதே மருந்து. எண்ணை 0, பிறகு கமா, பிறகு எண் என்று கொடுங்கள். ஒரு கமாவுக்கு எஸ்8 பதிவேட்டில் (மோடம் தன் அமைப்பு எண்ணை வைக்கும் இடம்) உள்ள நொடிகள், வழக்கமாக 2. பிஏபிஎக்ஸ் மெதுவாக லைன் எடுத்தால் இரண்டு கமா.

மோடத்தின் முதுகில் இரண்டு துளை இருந்தால் சுவருக்குப் போவது "லைன்" துளை. "போன்" துளையில் சுவர்க் கம்பியைச் செருகிவிட்டு டிரைவரைத் திட்டுவது ரொம்ப சாதாரணம்.

இனி "நோ கேரியர்". ஒரே சொல், பல அர்த்தம். எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஏடிஎம்1எல்2 போட்டு ஒலிபெருக்கியைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

எதிர்முனை எடுத்ததே கேட்காமல் நெடுநேரம் கழித்து வந்தால் மோடத்தின் பொறுமை தீர்ந்தது. எஸ்7 பதிவேடு பெரும்பாலும் 50 நொடி. டயல் செய்யும் நேரமும் மணி அடிக்கும் நேரமும் இதற்குள்தான் அடக்கம். எஸ்7=90 போடுங்கள். எரர் என்று மறுத்தால் கொஞ்சம் குறையுங்கள்.

எதிர்முனை எடுத்து, மனிதக் குரல் கேட்டால் எண் தவறு. சிரிக்க வேண்டாம், முதலில் சாதாரண போனிலிருந்து அந்த எண்ணை அழைத்து கீச்சொலி வருகிறதா என்று கேட்பதுதான் மிகக் குறைந்த செலவில் முடியும் சோதனை.

கீச்சொலி தொடங்கி, இரைச்சல் மாதிரி நீண்டு, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் விட்டுவிட்டால் லைன் தரம். உங்கள் நிலை இதுதான் என்று நினைக்கிறேன்.

வி.90 என்ற 56கே முறை, எதிர்முனை டிஜிட்டலாகத் தொலைபேசி நிலையத்தோடு சேர்ந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். வழியில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் பிஏபிஎக்ஸ் டிஜிட்டல் வகை என்றால் அதுவே இன்னொரு மாற்றம். வி.90 எட்டாது, எட்ட முயன்று தோற்று நேரம் கழியும். அதற்குப் பதில் முதலிலேயே வி.34 (அதைவிட மெதுவான, பழைய முறை) என்று சொல்லிவிடுங்கள். ஏடி+எம்எஸ்=? கொடுத்து உங்கள் மோடம் எந்தப் பெயர்களை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு, ஏடி+எம்எஸ்=வி34,1,0,28800 போல. கடைசி எண் உச்ச வேகம். அதுவும் நிற்கவில்லை என்றால் 21600, 14400 என்று இறங்குங்கள்.

அதே லைனில் ஏடிஎஸ்எல் ஓடுகிறது என்றால் மோடத்துக்கு முன் ஃபில்டர். இணையாக வேறு போன்கள் செருகியிருந்தால் சோதனைக்காக எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

#14 ஒற்றைப்பிழை

லைன் உண்மையில் விஓஐபி (இணையவழித் தொலைபேசி) பெட்டியிலிருந்து வந்தால்?

#15 தந்திமரம்

குரலுக்கான சுருக்கு முறைகள் மோடம் ஒலியைச் சிதைத்துவிடும். பெட்டியில் ஜி.711 என்ற ஒலி முறை மட்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். மௌனத்தை வெட்டும் வசதியும் எக்கோ நீக்கியும் அணைந்திருக்க வேண்டும், ஜிட்டர் பஃபர் நிலையான அளவில் இருக்க வேண்டும். ஒரு பாக்கெட் தவறினாலும் மோடம் மறுபடி பயிற்சி எடுக்கத் தொடங்கும். 14400-க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 9600 நிலையாக நிற்பது, அறுந்து அறுந்து வரும் 28800-ஐவிட மேல்.

#16 பழையபெட்டி

வி34, 28800 என்று கட்டுப்படுத்தியதும் "கனெக்ட் 115200" வந்தது! 56கே மோடத்தில் 115200 எப்படி? அதன் பிறகு திரையில் அலைக்கோடும் சுருள் அடைப்பும் கலந்த குப்பை எழுத்துகள் கொட்டுகின்றன.

#17 கம்பிநுனி

115200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைன் வேகம் தெரிய வேண்டுமானால் தொடக்க வரியில் டபிள்யூ2 சேருங்கள், கனெக்ட் செய்தியில் உண்மையான எண் வரும். கணினிப் பக்க வேகத்தை லைன் வேகத்துக்குக் குறைக்காதீர்கள். மோடம் வி.42பிஸ் முறையில் சுருக்கி அனுப்புவதால் கணினிப் பக்கம் அகலமாக இருக்க வேண்டும்.

குப்பை அல்ல அது. எதிர்முனைப் பிபிபி "நான் தயார்" என்கிறது. பிபிபி சட்டகத்தின் எல்லைக் குறி 7இ, விலக்குக் குறி 7டி. எழுத்தாகப் பார்த்தால் அலைக்கோடும் மூடும் சுருள் அடைப்பும்தான். இரண்டாவது உரையாடல் முடிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பயனர் பெயர் கேட்கும் எழுத்துவரி எதுவும் வராமல் நேராகப் பிபிபி தொடங்குவதால் உள்நுழைவு பிஏபி அல்லது சிஎச்ஏபி (பிபிபிக்குள்ளேயே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகள்) வழியாக நடக்கும்.

இனி இரண்டு கோப்பு. முதலாவது, மோடத்துக்குக் கட்டளை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் சாட் நிரலுக்கு. /இடிசி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/ஐஎஸ்பி:

அபார்ட் 'பிசி'
அபார்ட் 'நோ கேரியர்'
அபார்ட் 'நோ டயல்டோன்'
அபார்ட் 'நோ டயல் டோன்'
அபார்ட் 'நோ ஆன்சர்'
அபார்ட் 'எரர்'
டைம்அவுட் 10
'' ஏடிஇசட்
ஓகே 'ஏடி&எஃப்&சி1&டி2எக்ஸ்3டபிள்யூ2எஸ்7=90'
ஓகே 'ஏடி+எம்எஸ்=வி34,1,0,28800'
ஓகே 'ஏடிடிடி0,எண்'
டைம்அவுட் 100
கனெக்ட் ''

டயல்டோன் என்பதை இரண்டு விதமாக எழுதியிருப்பது தட்டச்சுப் பிழை அல்ல. சில மோடம்கள் இடைவெளி விட்டு அனுப்பும். கடைசி டைம்அவுட்டை மறக்காதீர்கள்: சாட் தானாக 45 நொடிதான் காத்திருக்கும். எஸ்7-ஐ 90 ஆக்கிவிட்டு இதை விட்டால், மோடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே சாட் போனை வைத்துவிடும்.

&சி1 என்றால் கேரியர் கம்பி உண்மையைச் சொல்லும், &டி2 என்றால் கணினி டிடிஆரை (கணினி தயார் என்று சொல்லும் கம்பி) இறக்கியதும் மோடம் போனை வைக்கும். யுஎஸ் ரோபோடிக்ஸ் வைத்திருப்பவர்கள் &எஃப் இடத்தில் &எஃப்1 போடுங்கள்; அவர்களின் &எஃப்0 வேகக் கட்டுப்பாட்டை அணைத்துவிடும்.

அடுத்தது /இடிசி/பிபிபி/பியர்ஸ்/ஐஎஸ்பி:

/டெவ்/டிடிஒய்ஏசிஎம்0
115200
கனெக்ட் '/யுஎஸ்ஆர்/எஸ்பின்/சாட் -வி -எஃப் /இடிசி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/ஐஎஸ்பி'
யூசர் 'உங்கள் பயனர் பெயர்'
நோஆத்
லாக்
மோடம்
சிஆர்டிஎஸ்சிடிஎஸ்
நோஐபிடிஃபால்ட்
டிஃபால்ட்ரூட்
யூஸ்பியர்டிஎன்எஸ்

நோஆத் என்றால் கடவுச்சொல் வேண்டாம் என்று பொருளல்ல. எதிர்முனை தன்னை நிரூபிக்க வேண்டாம் என்பதுதான். அதை விட்டுவிட்டால் உங்கள் பிபிபிடி சேவையகத்திடம் அடையாள அட்டை கேட்டு இணைப்பைக் கெடுக்கக்கூடும்.

முதல் முறை பான் வேண்டாம். சுடோ பிபிபிடி கால் ஐஎஸ்பி டீபக் நோடிடாச். எல்லாம் கண் முன்னே ஓடும்.

#18 நாலாம்பிட்

இத்தனை எழுதறதுக்கு டபிள்யூவிடயல்ல ஆறு வரி போதுமே. மோடம், பாட், போன், யூசர்நேம், பாஸ்வேர்ட், அப்புறம் "ஸ்டுபிட் மோட் = எஸ்". கடைசி வரி முக்கியம். அது இல்லேன்னா கனெக்ட் வந்த பிறகு டபிள்யூவிடயல் எதிர்முனை எழுத்தைப் படிச்சு, "இது லாகின் கேக்குதா"னு யோசிச்சுக்கிட்டு நிக்கும். இவரு சேவையகம் நேரா பிபிபி பேசுது, யோசிக்க ஒண்ணுமில்ல.

#19 கம்பிநுனி

வேலை செய்யும்போது ஆறு வரி போதும். உடையும்போது அடியில் இருப்பது இதே பிபிபிடிதான்.

#20 பழையபெட்டி

மூன்று முயற்சி. முதலில் "சீரியல் லைன் இஸ் லூப்ட் பேக்". இரண்டாவது முறை அது வரவில்லை, ஆனால் பிஏபி தோல்வி, வெளியேறும் எண் 19. மூன்றாவதும் 19.

#21 கம்பிநுனி

லூப்ட் பேக் என்றால் நாம் அனுப்பியதே திரும்பி வருகிறது. எதிர்முனையில் பிபிபி இன்னும் எழவில்லை, ஏதோ ஒரு உள்நுழைவுத் திரை எக்கோ செய்கிறது. அல்லது லைன் அறுந்து, உங்கள் மோடமே எக்கோ செய்கிறது. ஒரு முறை மட்டும் வந்ததால் இரண்டாவதாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

19 என்றால் நம் அடையாளத்தை அவர்கள் ஏற்கவில்லை. /இடிசி/பிபிபி/பிஏபி-சீக்ரெட்ஸ் கோப்பில் மூன்று பத்தி: பயனர் பெயர், நட்சத்திரம், கடவுச்சொல். முதல் பத்தி, பியர்ஸ் கோப்பின் யூசர் வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உள்ளே # இருந்து மேற்கோள் இல்லையென்றால், அதற்குப் பின் வருவதை எல்லாம் குறிப்புரை என்று விட்டுவிடும். சிஎச்ஏபி கேட்கும் சேவையகத்துக்கு அதே வரி சிஎச்ஏபி-சீக்ரெட்ஸ் கோப்பிலும். இரண்டுக்கும் அனுமதி 600.

மற்ற எண்களும் தெரிந்திருக்கட்டும். 8 என்றால் சாட் தோற்றது, மோடத்தையும் லைனையும் பாருங்கள். 10 பிபிபி பேச்சு முறிந்தது. 15 எதிர்முனை எக்கோவுக்குப் பதில் தரவில்லை. 16 மோடம் போனை வைத்தது.

#22 பழையபெட்டி

கடவுச்சொல்லில் # இருந்தது. மேற்கோள் போட்டதும் ஏறிவிட்டது. பிபிபி0-க்கு முகவரி கிடைத்தது, எண் முகவரிக்குப் பிங் போகிறது. பெயர் கொடுத்தால் போகவில்லை.

#23 நாலாம்பிட்

டிஎன்எஸ். யூஸ்பியர்டிஎன்எஸ் வாங்கின முகவரிகளை /இடிசி/பிபிபி/ரிசால்வ்.கான்ஃப்ல எழுதும். அதை /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்புக்குக் கொண்டுபோறது ஐபி-அப் ஸ்கிரிப்டோட வேலை. சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்தக் கோப்பைப் பிடிச்சு வச்சிருந்தா அது நடக்காது. ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ் பிபிபி0, பின்னாடி அந்த ரெண்டு முகவரி. சரியாச்சுனா அதையே ஐபி-அப்.டி அடைவுல ஒரு ஸ்கிரிப்டா போட்டுடுங்க, பிபிபிடி முகவரிகளை டிஎன்எஸ்1, டிஎன்எஸ்2 மாறிகள்ல கொடுக்கும்.

வேற யாருக்காவது எண்ணுக்குக்கூடப் பிங் போகலேன்னா ஐபி ரூட் பாருங்க. ஈதர்நெட்ல பழைய டிஃபால்ட் ரூட் இருந்தா பிபிபிடி அதை மாத்தாது, பதிவுல சொல்லிட்டு விட்டுடும். அந்த ரூட்டை நீக்கிட்டு மறுபடி டயல் பண்ணணும்.

#24 தந்திமரம்

ஏறிய உடனே செய்ய வேண்டிய ஒன்று: தானியங்கிப் புதுப்பிப்புகளை நிறுத்துங்கள். 28800-ல் நொடிக்கு சுமார் 3.5 கிலோபைட். ஒரு மெகாபைட்டுக்கே ஐந்து நிமிடம் ஆகும். ஏப்ட் பட்டியல் புதுப்பிப்பு மட்டும் லைனை நெடுநேரம் அடைத்துவிடும். தொலைக் கணினியில் எஸ்எஸ்எச் பயன்படுத்துவீர்களானால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 576 வைத்துப் பாருங்கள். 1500 பைட் பாக்கெட் ஒன்று லைனைக் கடக்க 0.4 நொடிக்கு மேல் ஆகும், அதுவரை நீங்கள் அடித்த எழுத்து பின்னால் காத்திருக்கும்.

#25 பழையபெட்டி

பெயர்களும் வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் மிச்சம்: எப்போதாவது, ஒழுங்கான இடைவெளி இல்லாமல், அறுகிறது. வெளியேறும் எண் 16.

#26 தந்திமரம்

15 அல்ல, 16. எனவே லைனில் ஏதோ நடந்து மோடம் கேரியரை இழந்தது. முதல் சந்தேகம் கால் வெயிட்டிங். இன்னொரு அழைப்பு வரும்போது விழும் பீப் ஒலி கேரியரைச் சற்று நேரம் மறைக்கும். உங்கள் சேவையில் அதை அணைக்கும் குறியீட்டை எண்ணுக்கு முன் கமாவோடு சேருங்கள். அணைக்க வழியில்லை என்றால் எஸ்10-ஐ உயர்த்துங்கள். கேரியர் போன பிறகு போனை வைக்க மோடம் பொறுக்கும் நேரம் அது, பத்தில் ஒரு நொடிக் கணக்கில், வழக்கமாக 14. 50 ஆக்கினால் ஐந்து நொடி தாங்கும். 255 போட வேண்டாம், பல மோடம்களில் அது "கேரியரைப் பார்க்கவே பார்க்காதே" என்று பொருள்படும்; எதிர்முனை வைத்த பிறகும் லைன் திறந்தே கிடக்கும்.

இரண்டும் உதவாவிட்டால் பியர்ஸ் கோப்பில் பெர்சிஸ்ட், ஹோல்ட்ஆஃப் 20, மேக்ஸ்ஃபெயில் 5 சேருங்கள். அறுந்தால் இருபது நொடி கழித்துத் தானே மறுபடி அழைக்கும், தொடர்ந்து ஐந்து முறை தோற்றால் நின்றுவிடும். மேக்ஸ்ஃபெயிலை 0 ஆக்காதீர்கள். எண் பிசியாக இருந்தால் இரவெல்லாம் அழைத்துக்கொண்டே இருக்கும்.

#27 பழையபெட்டி

கால் வெயிட்டிங் இயக்கத்தில்தான் இருந்தது. அணைக்கும் குறியீட்டுக்குப் பின் ஒரு கமா போதவில்லை, இரண்டு போட்ட பிறகே எண்ணை ஏற்கிறது. எஸ்10=50-ம் சேர்த்துவிட்டேன். இப்போது டபிள்யூ2 காட்டும் வேகம் 26400.

#28 தந்திமரம்

பிஏபிஎக்ஸ் வழியாக அது நல்ல எண். பிஏபிஎக்ஸைத் தாண்டி நேர் லைனில் ஒரு முறை +எம்எஸ் வரியை எடுத்துவிட்டு டயல் செய்து பாருங்கள். 40000-க்கு மேல் வந்தால் தடையாக இருந்தது பிஏபிஎக்ஸ்தான், வெளிக் கம்பி அல்ல.